வெயிலுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

பன்னாட்டு வணிகம் என்ற பாடத்தைத் தொடங்கும்போதெல்லாம் மாணவர்களுக்கு ஒரு மனுவைப் பற்றிச் சொல்வது என் வழக்கம். பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் பிரெடெரிக் பாஸ்தியா 1845-இல் எழுதிய நையாண்டி மனு அது. மெழுகுவத்தி, விளக்கு, எண்ணெய் உற்பத்தியாளர்கள் நாடாளுமன்றத்திடம் முறையிடுகின்றனர். அயலகப் போட்டியாளர் ஒருவர் நம்ப முடியாத மலிவு விலையில் வெளிச்சத்தைக் கொண்டுவந்து குவிக்கிறாராம். உள்நாட்டுத் தொழில் அழிகிறதாம். எனவே எல்லா ஜன்னல்களையும் அடைக்கச் சட்டம் வேண்டுமாம். அந்தப் போட்டியாளர் வேறு யாருமல்லர், சூரியன்தான்.

வகுப்பு சிரித்து முடித்ததும் பாடம் தொடங்கும். முப்பதாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். விலையில்லாப் பொருளுக்கு வெயிலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு அதே வெயிலுக்குக் கணக்குக் கேட்டு ஒருவரோடு வாக்குவாதம் செய்வேன் என்று அப்போது நினைத்ததில்லை.

இரண்டாண்டுகளுக்கு முன்பு திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரிய மின் தகடுகளைப் பொருத்தினோம். 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. முதலாண்டு எல்லாம் நன்றாக நடந்தது. நாளொன்றுக்கு 11 அல்லது 12 யூனிட். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்கூடச் சராசரியாகப் 10 யூனிட். இரண்டாம் ஆண்டு நவம்பரில் அது 7, 8 என்று இறங்கியது. தகடுகளைத் துடைத்துப் பார்த்தேன். பயனில்லை. பொருத்திக் கொடுத்தவரை அழைத்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "சார், இந்த வருஷம் வெயில் சரியில்லை."

வெயில் சரியாகத்தான் இருக்கிறது என்றேன் நான். இல்லை என்றார் அவர். இருவரிடமும் சான்று இல்லை. அந்த நவம்பரில் எங்கள் தெருவில் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்பதைச் சொல்ல எவராலும் இயலாது. சந்தையில் விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது என்ன நேரும் என்பதை ஜார்ஜ் அகர்லாப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். எங்கள் நிலை அதைவிட மோசம். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

மழை விஷயத்தில் இப்படி நேராது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமே பண்டகசாலையில் மழையளக்கும் பாத்திரம் வைக்கச் சொல்கிறது. மழையை ஒட்டியே விளைச்சல், விளைச்சலை ஒட்டியே அரசின் வருவாய், ஆகவே அளந்தார்கள். இன்றும் வட்டந்தோறும் மழைமானி இருக்கிறது; எந்த ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று நாளிதழில் வருகிறது. வெயிலுக்கு வரியில்லை, வெயில் பொய்த்தால் நிவாரணமும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அதை அளக்கும் பழக்கம் மக்களிடம் வரவேயில்லை. உப்பளக்காரரும் கருவாடு காயவைப்பவரும் மிளகாய் உலர்த்துபவரும் அப்பளம் இடுபவரும் வெயிலை மூலப்பொருளாகக் கொண்டவர்கள்தாம். அவர்களுக்கும் கண் மதிப்பீடு ஒன்றே கருவி.

ஆனால், வெயிலைப் பதிவு செய்யும் கருவிக்கு 170 ஆண்டு வரலாறு உண்டு. அதைத் தொடங்கியவர் அறிவியலாளர் அல்லர் என்பது எனக்குத் தெம்பளித்தது. ஜான் பிரான்சிஸ் கேம்ப்பெல் ஸ்காட்லாந்தின் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியவர். 1853-இல் அவர் ஒரு மரக்கிண்ணத்துக்குள் கண்ணாடி உருண்டை ஒன்றை வைத்து வெயிலில் விட்டார். உருண்டை சூரியக் கதிர்களைக் குவிக்க, கிண்ணத்தின் உட்புறம் கருகிக் கோடு விழுந்தது. மேகம் மறைத்த நேரத்தில் கோடு இல்லை. சூரியனே தன் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடுவதைப் போன்ற ஏற்பாடு. 1879-இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் மரக்கிண்ணத்துக்குப் பதிலாக உலோகச் சட்டத்தைப் பொருத்தி, அதில் நாளுக்கு ஓர் அட்டையைச் செருகும்படி செய்தார். அன்றாடக் கணக்கு அப்போதுதான் சாத்தியமாயிற்று. இந்தக் கருவி உலகெங்கும் பரவியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள புளூ ஹில் ஆய்வகத்தில் 1886 முதல் இதைக் கொண்டு வெயில் நேரத்தைக் குறித்து வருகிறார்கள்.

கண்ணாடி உருண்டையை வாங்கி நாமும் மாடியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வீட்டில் தடை உத்தரவு பிறந்தது, நியாயமான தடை. கொடியில் காயும் துணிக்கும் மூலையில் கிடக்கும் தென்னை ஓலைக்கும் நடுவே, நாள் முழுதும் தீப்பொறியை உண்டாக்கும் பொருளைக் காவலின்றி வைப்பது அறிவுடைமை ஆகாது. அக்கருவிக்குள் வேறொரு குறையும் இருக்கிறது. பனியில் நனைந்த அட்டை காலை வெயிலில் எளிதில் கருகாது. உலர்ந்த அட்டை சற்று மங்கிய வெயிலிலும் கருகிவிடும். விட்டு விட்டு வெயில் அடிக்கும் நாளில் கருகல்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத வெயிலையும் இருந்ததாகக் காட்டும்.

அப்படியானால் வெயில் என்பதுதான் என்ன? இந்தக் கேள்விக்கு உலக வானிலை அமைப்பு 1981-இல் ஓர் எண்ணால் விடை தந்தது. சூரியனிலிருந்து நேராக வரும் கதிரின் வலிமை, அக்கதிருக்குச் செங்குத்தான ஒரு சதுர மீட்டர் பரப்பில் 120 வாட்டுக்கு மேல் இருந்தால் அது வெயில். தெளிந்த நண்பகலில் நேர்க்கதிரும் வானத்து ஒளியுமாகத் தரைக்கு ஏறக்குறைய 1,000 வாட் வந்து சேரும். அதனோடு ஒப்பிட்டால் 120 என்பது சிறிய எண்தான். தரையில் நிழல் தெரியத் தொடங்கும் நிலை என்று ஏறத்தாழச் சொல்லலாம்.

இந்த வரையறையின் உயிர் 'நேராக' என்ற சொல்லில் இருக்கிறது. தமிழில் இதை விளக்குவது எளிது. 'வெளிச்சம் இருக்கு, வெயில் இல்லை' என்று வடகம் பிழியும் பெண்மணி சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொள்வார். வானம் முழுவதும் வெண்மேகம் மூடியிருக்கும்போது கண் கூசும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். ஆனால் நிழல் விழாது. அந்த ஒளி மேகத்தில் சிதறி எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. வெயிலோ ஒரே திசையிலிருந்து வருகிறது. ஆக, வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லும் கருவி வெயில்மானி ஆகாது. இதை உணராமல்தான் நான் முதல் கருவியைச் செய்தேன்.

என் பழைய மாணவர் ஒருவர் மின்னணுப் பொருள்களைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவரிடம் 20 ரூபாய்க்குள் கிடைக்கும் எல்.டி.ஆர். எனப்படும் ஒளியுணரியை வாங்கி, ஒரு சிறு ஆர்டுயினோ பலகையில் இணைத்து மாடியில் வைத்தேன். ஒளி கூடினால் அதன் மின்தடை குறையும். தெருவிளக்குகள் மாலையில் தாமாக எரிவது இப்படிப்பட்ட உணரியால்தான். அந்தி மயங்குவதை அது துல்லியமாக உணர்ந்தது. நண்பகலிலோ, வெயிலுக்கும் வெண்மேகத்துக்கும் இடையே அதற்கு வேறுபாடே தெரியவில்லை. வெளியிடத்து ஒளியில் அதன் மின்தடை ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் எவ்வளவு கூடினாலும் எண் நகர்வதில்லை. பெரும் பணக்காரரின் வருமானத்தை 'மாதம் 50,000-க்கு மேல்' என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிடும் கணக்கெடுப்புப் படிவத்தைப் போல.

இரண்டாவது முயற்சியில் எல்.டி.ஆரைக் கைவிட்டுத் தோட்ட விளக்குகளில் இருக்கும் சிறு சூரிய மின்கலங்கள் இரண்டைப் பயன்படுத்தினேன். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மின்கலத்தின் மின்னழுத்தத்தை அப்படியே அளந்தால் பயனில்லை. அது சிறிது ஒளியிலேயே உச்சத்தை நெருங்கிவிடும். மின்கலத்தின் இரு முனைகளுக்கும் குறுக்கே மிகச் சிறிய மின்தடை ஒன்றைப் போட்டு, அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மின்னோட்டம் ஒளிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். இரு கலங்களில் ஒன்று திறந்த வெளியில். மற்றொன்றின் தெற்கே ஒரு மறைப்புப் பட்டை. வெயில் அடித்தால் ஒன்று நிழலில், ஒன்று வெளிச்சத்தில். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிதாக இருக்கும். மேகம் மூடினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்க வானிலைத் துறை முன்பு பயன்படுத்திய ஒரு கருவியின் தத்துவம் இதுதான்.

அது ஏப்ரல் நடுப்பகுதி வரை ஒழுங்காக வேலை செய்தது. பிறகு நண்பகலில் கொளுத்தும் வெயிலை 'வெயில் இல்லை' என்று குறிக்கத் தொடங்கியது. இரண்டு நாள் கம்பிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மாடியில் என் நிழலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. மறைப்புப் பட்டையைத் தெற்கே வைப்பது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உரிய யோசனை. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தென்வானில்தான் இருக்கும். திருச்சியிலோ ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில்தான் தெற்கே திரும்புகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களும் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். நூலைப் படித்து இறக்குமதி செய்த கொள்கை உள்ளூர் நிலவரத்தோடு மோதுவதைப் பொருளாதாரத்தில் எத்தனையோ முறை சுட்டிக்காட்டிய நானே அதே பிழையைச் செய்திருந்தேன்.

மூன்றாவது கருவிதான் இன்று மாடிப்படிக் கூரையின் மேல் நிற்கிறது. இரண்டங்குலப் பக்கமுள்ள ஒரு மரக் கனசதுரம். மேற்பக்கத்தில் ஒன்று, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என நான்கு பக்கங்களிலும் ஒவ்வொன்று என ஐந்து மின்கலங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்தின் மின்னோட்டத்தையும் அளந்து, அவற்றுள் மிகப் பெரியதை மிகச் சிறியதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். சூரியன் எங்கே நின்றாலும் ஏதேனும் ஒரு பக்கம் அதை நோக்கியிருக்கும், வேறொரு பக்கம் நிழலில் இருக்கும். காலையில் கிழக்குப் பக்கம் செழிக்கும், மேற்கு வறண்டிருக்கும். உச்சி வெயிலில் மேற்பக்கம் ஒன்றே செல்வந்தர்; மற்ற நான்கும் ஏழைகள். மேகம் மூடியதும் நான்கு பக்கங்களும் சமமாகிவிடும். மேற்பக்கம் மட்டும் வானத்தை முழுமையாகப் பார்ப்பதால் ஏறத்தாழ இரு மடங்கு பெறும்.

பொருளியல் படித்தவருக்கு இது பழகிய உருவம். மொத்த வருமானத்தையோ சராசரியையோ பார்க்காமல் பங்கீட்டைப் பார்க்கிறோம். வெயில் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. மேகம் சமத்துவத்தை உண்டாக்குகிறது. என் கருவி அளப்பது ஏற்றத்தாழ்வைத்தான். வாழ்நாள் முழுவதும் ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டுமென்று பேசியவன் இப்போது ஒவ்வொரு காலையும் அதை எதிர்பார்த்து மாடியேறுகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள்.

எந்த விகிதத்துக்கு மேல் போனால் வெயில் என்று கொள்வது? இரண்டு வாரம் காலையும் மாலையும் துணிக்கொடிக் கம்பத்தின் நிழல் தெரிகிறதா என்று பார்த்துக் குறித்து, அதோடு கருவியின் எண்ணை ஒப்பிட்டேன். 3 என்ற விகிதம் பெரும்பாலும் ஒத்துவந்தது. ஆய்வகத் துல்லியம் இதில் இல்லை; மெல்லிய மேகத்தின் பின்னே சூரியன் பால்நிறமாகத் தெரியும் நேரங்களில் என் கருவியும் என் கண்ணைப் போலவே தடுமாறும். அதனால் மாதக் கணக்கு குலைந்துவிடாது.

செய்ய விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பலகையோடு, பொத்தான் மின்கலத்தில் ஓடும் தனிக் கடிகாரச் சில்லு ஒன்று தேவை. இல்லையேல் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கருவிக்கு நாள், கிழமை மறந்துபோகும். பதிவுக்கு ஒரு மெமரி கார்டு போதும். மின்சாரத்துக்குக் கைப்பேசி சார்ஜர். மழை புகாமல் ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவால் மூடலாம். வளைந்த கண்ணாடி பாட்டில் கூடாது, அது ஒளியை ஓரிடத்தில் குவித்துக் கணக்கைக் கெடுக்கும். வெள்ளையடித்த சுவருக்கு அருகில் வைத்தால் சுவரே இரண்டாம் சூரியனாகிவிடும். ஆதலால் வீட்டின் மிக உயர்ந்த இடமே உகந்தது. மாதம் இருமுறை துடைக்க வேண்டும், காகங்களின் பொருட்டு வாரம் ஒருமுறை. எனக்கு எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிந்தது.

கருவி ஒழுங்குக்கு வருவதற்குள் ஆண்டு உருண்டு மீண்டும் நவம்பர் வந்தது. தகடுகளின் உற்பத்தி மறுபடியும் இறங்கிற்று. இப்போது என்னிடம் நிமிடக் கணக்கு இருந்தது. வெயில் நேரத்திலிருந்து சூரிய ஆற்றலைக் கணிக்க ஒரு வாய்பாடு உண்டு. சுவீடன் அறிஞர் ஆங்ஸ்ட்ராம் 1924-இல் வகுத்ததைப் பிரெஸ்காட் 1940-இல் திருத்தியமைத்தார். அதற்கு ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் பொது மதிப்புகளின்படி, நாள் முழுதும் வெயிலே இல்லாவிட்டாலும் வளிமண்டலத்துக்கு மேலே வரும் ஆற்றலில் கால் பங்கு தரைக்கு வந்து சேரும். நாள் முழுதும் வெயிலடித்தால் முக்கால் பங்கு. இடைப்பட்ட நாள்களுக்கு, வெயிலடித்த நேரத்தைப் பகற்பொழுதால் வகுத்து விகிதப்படி கூட்டிக்கொள்ளலாம். திருச்சியில் பகற்பொழுது டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி, ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி.

கணக்கிட்டுப் பார்த்ததில் முழு மேகமூட்ட நாள்களில் தகடுகள் தர வேண்டியதைத் தந்திருந்தன. குறைவு முழுவதும் வெயில் நாள்களில்தான்! தகடு பழுதென்றால் எல்லா நாளும் குறைய வேண்டும். மேகம் காரணமென்றால் கனசதுரமும் அதைக் காட்ட வேண்டும். வெயில் அடிக்கும்போது மட்டும் குறைகிறது என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும், நிழல். மணிவாரியாகப் பார்த்தேன். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு உற்பத்தி படியில் இறங்குவதுபோல் சரிந்தது. மறுநாள் 3 மணிக்கு மாடியில் போய் நின்றேன். தென்மேற்கே அண்டை வீட்டில் முந்தைய கோடையில் ஒரு தளம் எழுப்பி, அதன் மேல் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். அதன் நிழல் எங்கள் இரண்டு தகடுகளின் மூலையில் விழுந்துகொண்டிருந்தது. சூரியன் தெற்கே சாயும் மாதங்களில் மட்டுமே அந்த நிழல் எங்களை எட்டும். கோடையில் தகடுகளை எத்தனை முறை துடைத்தாலும் அது கண்ணில் படாது.

மூலையில் விழும் நிழலுக்கு இத்தனை இழப்பா என்று கேட்கலாம். தகடுகள் தொடராக இணைக்கப்பட்டவை. தொடரில் ஒரு கலம் தளர்ந்தால் அதன் வரிசை முழுவதற்கும் மின்னோட்டம் தடைபடும். தகட்டுக்குள் இருக்கும் மாற்றுவழி டையோடுகள் அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியைக் காப்பாற்றும். ஆகவே நிழலின் பரப்பைவிட இழப்பின் அளவு பெரிது.

பொருத்திக் கொடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வெயில் சரியில்லை என்று அவர் சொன்னதும் தவறு, தகடு சரியில்லை என்று நான் சந்தேகித்ததும் தவறு.

அடுத்து அண்டை வீட்டார். 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தை இருபதாண்டுகள் தடையின்றி அனுபவித்து வந்தால் அது உரிமையாகும் என்கிறது. என் தகடுகளுக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. தொட்டியை நகர்த்தச் சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை. ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையைப் பல்லாண்டு பாடமாக நடத்தியவன் நான். ஒருவர் செயல் மற்றவரைப் பாதிக்கும்போது, யார் குற்றவாளி என்று தேடுவதை விட்டுவிட்டு, எவர் மாற்றிக்கொண்டால் செலவு குறைவு என்று இருவரும் பேசித் தீர்க்கலாம். பேரம் பேச ஆகும் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எத்தனை இழப்பு என்று தெரியாமல் பேரம் எப்படிப் பேசுவது? இப்போது தெரிந்தது. ஒரு வெயில் நாளில் ஏறத்தாழ 2 யூனிட். அந்நான்கு மாதங்களில் வெயில் நாள்கள் 70 என்று கொண்டால் 140 யூனிட். யூனிட்டுக்குச் சராசரியாக 6 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 840 ரூபாய்.

840 ரூபாய்! இதற்காகவா ஓராண்டு உறக்கம் கெட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. தொட்டியை நகர்த்தினால் குழாய், மேடை என்று பல ஆயிரங்கள் ஆகும். எங்கள் தகடுகள் இரண்டையும் கிழக்கே ஆறடி தள்ளிவைக்க அதில் சிறு பகுதி போதும். தள்ளி வைத்தோம். அண்டை வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். பாதிச் செலவைத் தருகிறேன் என்றும் சொன்னார். நான் வாங்கவில்லை.

என் கதை சிறிது. பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். அத்தனை வீடுகளிலும் 'வெயில் சரியில்லை' என்ற சொல் ஒருநாள் ஒலிக்கத்தான் போகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். இந்தியாவில் 20 வானிலை நிலையங்களின் 1988 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2025-இல் வெளியான ஆய்வு ஒன்று, வடகிழக்கு நீங்கலாகப் பெரும்பாலான பகுதிகளில் வெயில் நேரம் குறைந்துவந்ததைக் காட்டியது. வட இந்திய உள்நாட்டுச் சமவெளியில் சரிவு மிகுதி. ஆண்டுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். காற்றில் கலந்த மாசுத்துகளும் அதையொட்டி நீடிக்கும் மேகமும் காரணம் என்கிறார்கள். வெயில் விலையில்லாப் பொருள் என்று நான் வகுப்பில் சொன்னதில் திருத்தம் தேவைப்படுகிறது. அதன் அளவைக் குறைக்க நம்மால் முடிகிறது. அந்த இழப்பு எவருடைய பேரேட்டிலும் ஏறுவதில்லை.

அரசு அளப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை அமைத்தது. முதற்கட்டத்தில் மட்டும் 51. வானிலைத் துறையின் பதிவுகள் அதற்கும் மூத்தவை. செயற்கைக்கோள் மதிப்பீடுகளும் கிடைக்கின்றன. ஆனால், அவை சில கிலோமீட்டர் சதுரங்களுக்கான சராசரிகள். என் மாடிக்கும் உங்கள் உப்பளத்துக்கும் பேசுபவை அல்ல. மானியத்தோடு பொருத்தும் தகடுகளில் நூற்றுக்கு ஒன்றின் அருகிலாவது ஒரு வெயில்மானி வைத்து, அதன் பதிவை அந்தப் பகுதியின் எல்லா நுகர்வோரும் பார்க்கும்படி வெளியிடச் செய்தால் மானியத் தொகையோடு ஒப்பிட அந்தச் செலவு ஒரு பொருட்டே அல்ல. ஒருவர் பயன்படுத்துவதால் மற்றவருக்குக் குறையாத பொருளைச் சந்தை தானாக உண்டாக்கித் தராது; அரசுதான் தர வேண்டும்.

மின்னணுப் பலகை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் ஜோர்டன் என்பார் ஒளிப்படத் தாளைக் கொண்டு வெயில் பதிவுக் கருவி செய்தார். கட்டட வரைபடங்களை நீல நிறத்தில் படியெடுத்த அந்தக் காலத்துத் தாளை நினைவிருக்கிறதா? பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்ற இரு வேதிப்பொருள்களைத் தண்ணீரில் கரைத்துக் கலந்து, தாளில் பூசி, இருட்டில் உலர்த்தினால் அதே தாள். மூடியுள்ள 10 செ.மீ. விட்டத் தகர டப்பாவின் உள்ளே கறுப்புச் சாயம் பூசி, பக்கவாட்டின் நடுவே 2 மில்லிமீட்டர் துளை இட வேண்டும். துளைக்கு எதிரே தாளை வளைத்து ஒட்டி, டப்பாவை வடக்கு தெற்காகப் படுக்கவைத்து, துளை மேலே இருக்கும்படி, வடக்கு முனையை நம் ஊர் அட்சரேகைக்குச் சமமாக 11 பாகை உயர்த்தி வைக்க வேண்டும். துளை வழியே விழும் ஒளிப்பொட்டு தாளில் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து நீலக்கோடு வரையும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.6 செ.மீ.; மணிக் குறிகள் சம இடைவெளியில் அமையும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலை, மாலை வேளைகளில் மட்டும் கோடு விழாது. மாலையில் தாளை வெறும் தண்ணீரில் அலசினால் பதிவு நிலைத்துவிடும்.

எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியை ஒருவர் இதை மாணவிகளைக் கொண்டு செய்யவைத்தார். மாதக் கடைசியில் தாள்களை வரிசையாகச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்; பார்க்கப் போயிருந்தேன். ஒரு தாளில் 11.40 முதல் 12.30 வரை கோடு அறுந்திருந்தது. என் கனசதுரத்தின் பதிவில் அந்த நாள் அந்த நேரம் முழு வெயில். மேகத்தைப் பற்றி நான் ஏதோ விளக்கத் தொடங்கியபோது, ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், அன்னிக்கு ஆயாம்மா டப்பா மேல மேசைத் துணியைக் காயப் போட்டுட்டாங்க."